வடக்கு வீதிக் கம்பத்தில் ஏறப்போகிறவர்களுக்கு

கோயிலுக்குப் போக நல்ல நாள் எதுவென்று மற்றவர்கள் பஞ்சாங்கத்தில் பார்ப்பார்கள். மின்சாரப் பகுதியில் வேலை செய்த நாங்கள் அலுவலகச் சுவரில் தொங்கும் வேலைப் பலகையில் பார்ப்போம். கொடியேற்றம் என்று எழுதியிருந்தால் கோயில் வீதிக் கம்பங்களை ஒருதரம் சுற்றிப் பார்த்துவர வேண்டும். தேருக்கு முதல்நாள் இரவுச் சப்பறம் என்றால் பொழுதுபடும்போதே மின்மாற்றிக்குக் கீழே ஒருவர் காவல் நிற்க வேண்டும். திருவெம்பாவைக் காலத்தில் விடிவதற்கு முன்னர், பனிக்குள், தொலைபேசி எப்போதும் அடிக்கலாம். அந்த நேரத்தில் கரண்ட் போனால் சுவாமிக்கு முன்னர் எங்களுக்குத்தான் அர்ச்சனை நடக்கும். தேர் என்றால் எல்லாரும் வர வேண்டும். லீவு என்ற சொல்லை அந்தக் கிழமை வாயில் எடுக்கவே கூடாது.

இப்படி, திருவிழாக்களுக்குப் போயும் கும்பிடாமல் வந்த கோயில்கள் எனக்கு ஏராளம். சுவாமி வரும்போது எங்கள் முகம் மேலே கம்பியைப் பார்த்தபடி இருக்கும். ஓய்வுபெற்ற பிறகுதான் சுவாமியை ஆறுதலாகப் பார்க்கக் கிடைத்தது.

இந்த முறை வலிகாமத்து அம்மன் கோயில் ஒன்றின் தேருக்குப் புதிதாகச் சேர்ந்த உங்களை விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். எந்தக் கோயில் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை எழுதினால் மற்றக் கோயில்காரர்கள் என்னோடு கோபிப்பார்கள். கம்பத்தில் ஏறுவதையும் கம்பி இறக்குவதையும் உங்களுக்கு வடிவாகப் படிப்பித்திருப்பார்கள். அதில் நான் வாய் வைக்கவில்லை. படிப்பிக்க முடியாத ஒன்றிரண்டு விசயங்களை மட்டும் சொல்லுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விசயம். சரஸ்வதி பூசைக்கு எங்கள் அலுவலகத்தில் குறடு, கையுறை, இடுப்புப் பட்டி எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் பூசுவது வழக்கம். வைத்தால் விஜயதசமி வரை ஒருவரும் தொட மாட்டோம். ஒரு வருசம் எல்லாவற்றையும் அடுக்கி, பூவும் போட்டு, கைகட்டி நிற்கும்போது, கம்பம் சரிந்து கம்பி நடுவீதியில் கிடக்கிறதென்று செய்தி வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். படத்துக்கு முன்னால் கை நீட்ட எவருக்கும் துணிவில்லை. எங்கள் வேலைக் குழுவுக்குப் பொறுப்பான போமன் ஒரு முரட்டு ஆள். அவர் கும்பிட்டுவிட்டு, "அம்மா, அவசரம். பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறன்" என்று வீட்டுக்காரியிடம் குடை கேட்பதுபோலக் கேட்டு, குறட்டைத் தூக்கினார். கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்து, துடைத்து, சொன்னபடி திருப்பி வைத்தார். அதன் பிறகு பூசைக்கு வைக்காமல் ஒரு குறட்டையும் ஒரு பட்டியையும் வெளியே விடுவது எங்கள் பழக்கமாயிற்று. நீங்களும் விடுங்கள்.

இனித் தேருக்கு வருகிறேன். அப்போது நானே போமன், ஓய்வுபெறச் சில வருசங்கள் இருந்தன.

அந்தத் தேர் எங்கள் கம்பிகளை விட உயரம். காலையில் அம்மன் தேரில் ஏறுவதற்கு முன்னர் நாலு வீதிக்கும் கரண்டை நிறுத்திவிடுவோம். வீதிக்குக் குறுக்கே வீடுகளுக்குப் போகும் கம்பிகளை இறக்கி வேலியோரமாகச் சுருட்டி வைப்போம். தேர் கிழக்கு வாசலில் புறப்பட்டு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று வலம் வந்து இருப்பிடத்துக்குத் திரும்பியதும் மீண்டும் ஏற்றுவோம். நாலு வீதியிலும் எங்கள் பொடியள் கம்பங்களில் ஏறி, பட்டி கட்டியபடி நிற்பார்கள். தேரின் முடி எங்கே தட்டுகிறது, எங்கே தட்டாது என்று மேலேயிருந்து பார்த்தால்தான் தெரியும். கரண்ட் நிற்கும் விசயத்தை முதல்நாள் ஒலிபெருக்கி வாகனத்தில் ஊருக்குச் சொல்லியும் விடுவோம்.

அன்று தெற்கும் மேற்கும் ஒரு குறையுமில்லாமல் கழிந்தன. வடக்கு வீதிக்குத் திரும்பும் மூலையில் தேர் நின்றுவிட்டது. அந்த மூலையில் தண்ணீர்க் குழாய் தாட்டு மூடியிருந்தார்கள், மண் இறுகவில்லை. சனத்தின் கால் சுடாமல் இருக்கக் காலை முழுவதும் வீதிக்குத் தண்ணீரும் அடித்திருந்தார்கள். பின் சில்லு ஒன்று மெல்லச் சரிந்து உள்ளே இறங்கியது. சனம் "அரோகரா" என்று இழுக்க, அது இன்னும் இறங்கியது. கோயில் தலைவர் மைக்கில் நிற்பாட்டச் சொன்னார்.

இந்தத் தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர். ஆனால் மைக் என்றால் அவருக்கு உயிர். கொடியேற்றத்தன்று கையில் எடுத்தால் தீர்த்தத்தன்றுதான் வைப்பார். தொலைந்த பிள்ளை, தொலைந்த செருப்பு, அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் தந்தவர் எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். தேர் இழுப்பதும் அவருடைய மைக்கை நம்பித்தான் நடக்கும். இடப்பக்க வடத்தைப் பிடிப்பவர்களுக்கும் வலப்பக்க வடத்தைப் பிடிப்பவர்களுக்கும் எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று அவர்தான் சொல்லுவார்.

பலகை கொண்டுவர ஆள் ஓடியது. அந்த இடைவெளியில்தான் ஒரு மனிதர் சனத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வேட்டி, வெறும் மேல், நெற்றி நிறைய வீபூதி. உள்ளங்கை இரண்டும் வடம் பிடித்துச் சிவந்திருந்தன.

"அண்ணை, நீங்கள்தானே கரண்டுக்குப் பொறுப்பு? என்ரை மனிசிக்கு மூச்சு ஏலாமல் இருக்கு. ஒட்சிசன் மெசினுக்குக் கரண்ட் வேணும். அவசரத்துக்கு வைச்சிருந்த சின்னச் சிலிண்டரும் முடியப்போகுது."

வடக்கு வீதியில் வாசலுக்கு நீலப் படலை போட்ட வீடு. அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர், ஊரில் எல்லாரும் கணக்கு ரீச்சர் என்பார்கள். நுரையீரல் பழுதாகி, மெசினின் குழாயை மூக்கில் வைத்தபடி வீட்டோடு இருந்தார். வழக்கமாகத் தேர் சுற்றிவர எடுக்கும் நேரத்துக்கு அந்தச் சிலிண்டர் தாராளம். தேர் புதையும் என்று எவர் கண்டது?

"நேற்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே? கரண்ட் நிக்கும் எண்டு சொன்னனாங்கள்தானே?" என்றேன். கொஞ்சம் சினத்தோடுதான் கேட்டேன்.

"சொல்லிப் பாத்தனான். மாட்டன் எண்டிட்டா. வருசம் முழுக்க என்னாலை கோயில் வாசலுக்குப் போகேலாது, தேரண்டைக்கு அம்மாள் என்ரை வாசலுக்கு வாறா, அண்டைக்கு நான் வீட்டிலை இல்லாமல் இருக்கிறதோ எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

நடக்க முடிந்தவர்களுக்குத்தான் வெள்ளி, சதுர்த்தி, பௌர்ணமி என்று நாள் பார்த்துக் கோயிலுக்குப் போகக் கிடைக்கும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வருசத்தில் இந்த ஒரு நாள்தான். சுவாமி வீதிக்கு வருவதே அவர்களுக்காகத்தான் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கோயிலடியில் நின்ற அம்புலன்ஸ் வெயிலில் மயங்கி விழுந்த ஒரு முதியவரோடு யாழ்ப்பாணம் போய்விட்டது. இன்னொன்றுக்குச் சொல்லியிருந்தார்கள், அது பிரதான வீதியில் சனத்துக்கு அங்காலே நின்றது. வடங்கள் இரண்டும் ரீச்சரின் வாசலையும் தாண்டி நீண்டு கிடந்தன, வீதி முழுக்கத் தலை. வீட்டின் பின்பக்கம் பக்கத்து வளவின் உயர்ந்த மதில். அவரைத் தூக்கிக்கொண்டு போனால் சிலிண்டர் பாதி வழியில் முடிந்துவிடும்.

அதற்குள் செய்தி பரவி என்னைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். கரண்டைப் போடு, கரண்டைப் போடு என்று நாலு பக்கமும் சத்தம். திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு பெரிய மனிதர், எனக்கு மேலே இருப்பவர்களோடு தொலைபேசியில் கதைக்கக் கூடியவர், என் தோளில் கை வைத்தார்.

"கொஞ்ச நேரம் குடுத்திட்டு நிப்பாட்டுங்கோவன். நான் பொறுப்பு எடுக்கிறன்."

தம்பிமாரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். இறக்கிய கம்பிகள் வேலியோரம் கிடக்கின்றன. வீதி ஈரம். சனம் வெறுங்கால். தேருக்குப் பின்னால் ஆண்கள் அந்த ஈர மண்ணில் பிரதட்டை உருண்டுகொண்டு வருகிறார்கள். பெண்கள் அடியழித்து, விழுந்து கும்பிட்டு எழுந்தபடி வருகிறார்கள். தேர் நின்றதால் அவர்களும் அப்படியே தரையில் கிடக்கிறார்கள். கம்பங்களில் என் பொடியள் கம்பியைக் கையால் பிடித்தபடி நிற்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் கரண்ட் கொடுக்க வழியில்லை. போட்டால் வீதி முழுவதற்கும் போகும்.

"ஐயா, நீங்கள் பொறுப்பு எடுப்பியள். நிலத்திலை கிடக்கிற ஆக்களுக்கு அது காணாது. நான் கரண்ட் போட மாட்டன்" என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். ஒருவர் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்றார். இன்னொருவர் அதைவிடக் காரமாக ஒன்று சொன்னார். எனக்கு அது உறைக்கவில்லை. சொன்னது சரி என்று தெரிந்த பிறகு ஒருவிதத் திமிர் வரும், கழுத்து நிமிரும். நான் திரும்பி மூலைக் கம்பத்தைப் பார்க்க நடக்கத் தொடங்கினேன்.

ரீச்சரின் புருசன் ஏசவில்லை. கெஞ்சவுமில்லை. "ஓம் அண்ணை, விளங்குது. அது சனத்துக்கு ஆபத்து" என்றார். சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே நின்றார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். அந்த நிலையைப் பார்த்ததும் என் திமிர் எல்லாம் கரைந்துபோயிற்று. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அவர் கேட்டது கரண்ட். அது எங்கள் கம்பியால்தான் வர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அப்படி நினைத்தது நான். முடியாது என்று சொன்னதோடு எங்கள் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிற அந்த இடத்தில்தான் நாங்கள் வழுக்குவோம். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிட்டு நடந்துபோகாதீர்கள். நின்று, வேறென்ன இருக்கிறதென்று சுற்றிப் பாருங்கள்.

பார்த்தேன். வடத்துக்கு முன்னால் ஒரு லாண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு இயந்திரம், நின்றது. அது இழுத்துவந்த பெட்டிக்குள் லைற் மெசின் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. மைக்குக்கும், வீதி நெடுகக் கட்டிய ஒலிபெருக்கிகளுக்கும் கரண்ட் கொடுப்பது அதுதான். குருநகரிலிருந்து வந்த மரியதாஸ் அண்ணை அதன் சொந்தக்காரர். ஊர் ஊராகக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். அவரிடம் ஓடிப்போய் விசயத்தைச் சொன்னேன்.

"கொண்டுபோவம்" என்றார். அடுத்த மூச்சில், "ஆனால் மைக்கும் அதுவும் ஒண்டா ஓடாது. தலைவர் உரத்துக் கத்தேக்கை வோல்ற் விழும். ரீச்சரின்ரை மெசின் நிண்டிடும். ஏதாவது ஒண்டுதான்."

தலைவரிடம் போனோம். அவர் மைக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் இப்போது வருகிறது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"மைக் இல்லாமல் தேரை எப்பிடி எடுக்கிறது? நான் சொல்லாட்டி ஒரு வடம் முந்தும், மற்ற வடம் பிந்தும். சில்லு புதைஞ்சு நிக்குது. தேர் சரிஞ்சால் நீரோ பதில் சொல்லுவீர்? அவவுக்காக நான் என்னவும் செய்வன். ஆனால் வடத்திலை நிக்கிறதும் எங்கடை சனம்தானே."

தேரை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தரையில் கிடந்தவர்களில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே தலை சுற்றத் தொடங்கியிருந்தது. அம்மனுக்குப் பச்சைப் பட்டுச் சாத்தித் தேரிலிருந்து இறக்கும் நேரமும் நெருங்கியது. தேர் அசையாமல் வீதி திறக்காது. வீதி திறக்காமல் அம்புலன்சும் வராது.

மூலைக் கம்பத்தில் நின்ற எங்கள் பொடியன் அப்போதுதான் மேலேயிருந்து எனக்குக் கை காட்டினான். இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்தான். தேரின் முடி கம்பத்தைத் தொடப் பார்க்கிறது, அசைக்காதே என்று அர்த்தம். நாங்கள் வாயால் கதைப்பது குறைவு. ஒரு கம்பத்துக்கும் மற்றக் கம்பத்துக்கும் இடையில் காற்றில் குரல் எடுபடாது. கையை மேலே தூக்கினால் இழு. குறுக்கே வைத்தால் நிறுத்து. வலக்கையைப் பக்கமாக நீட்டினால் வலப்பக்கம், இடக்கையென்றால் இடப்பக்கம். இதை வருசக்கணக்காகச் செய்து வந்திருக்கிறோம்.

"தலைவர், மேலே பாருங்கோ" என்றேன். "வடம் பிடிக்கிற எல்லாருக்கும் கம்பத்திலை நிக்கிற ஆள் தெரியும். நீங்கள் மூலைக் கம்பத்துக்குக் கீழே நிண்டு சொல்லுங்கோ. எங்கடை பொடியன் கையாலை காட்டுவான். அடுத்த கம்பத்திலை நிக்கிறவன் அதைப் பாத்துக் காட்டுவான். வடக்கு வீதி முடியுமட்டும் ஆள் நிக்குது."

அவர் மேலே பார்த்தார். வடத்தைப் பார்த்தார். பிறகு ரீச்சரின் புருசனைப் பார்த்தார். மைக்கை வாயில் வைத்து, அன்றைக்குக் கடைசியாக அதில் கதைத்தார்.

"எல்லாரும் கேளுங்கோ. கணக்கு ரீச்சருக்கு மூச்சு ஏலாமல் இருக்கு. லைற் மெசின் அவவின்ரை வீட்டை போகுது. இனி மைக் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு கம்பத்தைப் பாருங்கோ. கை தூக்கினால் இழுங்கோ, குறுக்கை வைச்சால் விடுங்கோ. லாண்ட்மாஸ்டருக்கு வழி விடுங்கோ."

மரியதாஸ் அண்ணை வயரைக் கழற்றினார். ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒன்றாகச் செத்தன. சனம் இரண்டாகப் பிரிந்தது. லாண்ட்மாஸ்டரை ஓட்டிப்போக இடமில்லை. வடத்தை விட்டு வந்தவர்கள் அதைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போய் நீலப் படலைக்குள் விட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண், "வேலை செய்யுது, மெசின் வேலை செய்யுது" என்று சொன்னது வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது. அந்த மனிதர் படலைத் தூணைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார்.

இனித் தேர். சில்லுக்குக் கீழே பலகை போட்டார்கள். முதல் முயற்சி பிழைத்தது. எவரோ பழக்கத்தில் "அரோகரா" என்று கத்திவிட, இடப்பக்க வடம் முந்திக்கொண்டது. தேர் ஒரு பக்கம் சரிந்து முனகியது. ஆனால் மூலைக் கம்பத்தில் குறுக்கே கை விழுந்த அதே கணம், வீதி நெடுக எல்லாக் கம்பங்களிலும் கை குறுக்கே விழுந்தது. வடம் இரண்டும் தொய்ந்தன. மைக்கில் சொல்லியிருந்தால் அந்த இரைச்சலில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. எல்லாருடைய கண்ணும் மேலே இருந்ததால் எல்லாரும் ஒரேயடியாக விட்டார்கள்.

பலகையைத் திருத்தி வைத்தார்கள். தலைவர் கீழே நின்று தலையசைத்தார். கம்பங்களில் கைகள் உயர்ந்தன. ஒருவர் வாயிலும் சத்தமில்லை. கயிறு இறுகும் ஒலியும் பலகை நெரியும் ஒலியும்தான் கேட்டன. சில்லு வெளியே ஏறி, தேர் ஒருதரம் குலுங்கி நிமிர்ந்து, வடக்கு வீதிக்குள் வந்தது. அப்போது மட்டும் சனம் அடக்க முடியாமல் "அரோகரா" சொன்னது. சொல்லிவிட்டு உடனே கம்பத்தைப் பார்த்தது.

நீலப் படலைக்கு முன்னால் கைகள் குறுக்கே விழ, தேர் நின்றது. ரீச்சரைக் கதிரையோடு தூக்கிவந்து படலையடியில் இருத்தியிருந்தார்கள். மூக்கில் குழாய். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்கள் நன்றாக இருந்தன. ஐயர் தீபம் காட்டினார். ரீச்சர் கை கூப்பி, அம்மனை நெடுநேரம் பார்த்தார். பிறகு, மைக் இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்ற தலைவரைக் கூப்பிட்டார்.

"தலைவர், இத்தினை வருசத்திலை இண்டைக்குத்தான் ஐயர் சொல்லுற மந்திரம் எனக்குக் கேட்டது. லைற் மெசின் இரையுது, எண்டாலும் உங்கடை மைக்கை விட அது பரவாயில்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

தேர் இருப்பிடத்துக்குப் போய், கம்பிகளை ஏற்றி, நான் கரண்டைப் போட்ட பிறகுதான் மரியதாஸ் அண்ணை தன் மெசினைக் கழற்றினார். அம்புலன்சும் வந்தது; வந்தவர்கள் பார்த்துவிட்டு, பயமில்லை என்று சொல்லிப் போனார்கள். அடுத்த வருசம் மரியதாஸ் அண்ணை ரீச்சருக்கென்று இன்னொரு சின்ன மெசினைக் கொண்டுவந்தார். அதனால் மைக்கை நிறுத்தத் தேவையிருக்கவில்லை. ஆனால் மேற்கு வீதி முடிந்ததும் தலைவர் தானாகவே மைக்கை வைத்துவிட்டு மூலைக் கம்பத்துக்குக் கீழே வந்து நின்றார். வடம் பிடிக்கிறவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். இப்போது அது அந்தக் கோயிலின் வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஏன் இந்த வீதியில் மட்டும் இவ்வளவு அமைதி என்று கேட்டால், அது தன்னுடைய யோசனை என்று தலைவர் சொல்லுவார். சொல்லட்டும், விடுங்கள்.

ஆகவே, வடக்கு வீதியில் நீலப் படலைக்கு எதிரே உள்ள கம்பத்தில் ஏறப்போகிறவருக்கு ஒன்று சொல்லவேண்டும். ரீச்சர் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். தேர் மூலையில் திரும்பும்போதே படலையடியில் கதிரை போட்டு, குழாயோடு வந்து இருந்துவிடுவார். தேர் அவர் வாசலில் நின்றதும், அம்மனைப் பார்ப்பதற்கு முன்னர் உங்களைத்தான் நிமிர்ந்து பார்ப்பார். பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்டுவார். ஒவ்வொரு வருசமும் நான் கீழே நின்று என் பொடியளுக்கு இதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை நான் கீழே இல்லை, அதனால் எழுதித் தருகிறேன். அவரைப் பார்த்துச் சிரியுங்கள். தலையை ஆட்டுங்கள். கையை மட்டும் தூக்கிவிடாதீர்கள். நீங்கள் கை தூக்கினால் வடத்தில் நிற்கும் அத்தனை சனமும் இழுக்கத் தொடங்கிவிடும். ரீச்சர் இன்னும் கும்பிட்டு முடித்திருக்க மாட்டார்.